பம்பைமடுவிலிருந்து வரும் அழைப்பு



என் ராத்தாவின் மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, வீட்டில் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக நடந்தன. "வேற இடமே கிடைக்கல்லையா?" என்றுதான் ராத்தா முதலில் கேட்டார். காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு தண்ணீரூற்றிலிருந்த எங்கள் குடும்பமும் உடுத்த துணியோடு புறப்பட்டது. வவுனியா வந்து, பிறகு புத்தளம். ராத்தாவுக்கு அப்போது 16 வயது. ஓ.எல். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்தப் பரீட்சையை அவர் கடைசிவரை எழுதவேயில்லை.

"உனக்குக் கிடைக்காததை அவளுக்கும் இல்லாமல் ஆக்காதே" என்று மச்சான் சொன்ன பிறகுதான் சூட்கேஸ் கீழே இறங்கியது.

1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது, 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். நகரிலிருந்து மன்னார் வீதியில் சுமார் 10 கிலோமீற்றர் போனால் பம்பைமடு. மகள் இருப்பது பிரயோக விஞ்ஞான பீடத்தில். மஃரிபுக்குப் பிறகு அவளுடைய அழைப்பு வரும். ராத்தா ஸ்பீக்கரில் போடுவார். நாங்கள் எல்லோரும் சுற்றியிருந்து அவளுடைய ஒரு நாளைக் கேட்போம். பெரிய விசயம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் கேட்போம்.

சுபஹுக்கு எழும்பினால் குளியலறை வரிசையில் முதல் ஆளாகி விடலாமாம். தொழுகைக்கு எழும்புகிறவர்களுக்கு இந்த உலக லாபமும் உண்டென்று சிரிப்பாள். வன்னித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். வரண்ட பிரதேசங்களில் சிறுநீரக நோய் பரவியிருக்கும் கதை ராத்தாவுக்குத் தெரியும். ஆகவே "வடிகட்டின தண்ணிதானே குடிச்சாய்?" என்ற கேள்வி ஒருநாளும் தவறாது.

8 மணிக்கு விரிவுரை. வகையீடு, தொகையீடு என்று உயர்தரம் வரை தமிழில் கணிதம் படித்த பிள்ளை அவள். இங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் மாதங்களில் கொப்பியின் ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதினாள். சிங்களப் பிள்ளைகளுக்கும் அதே கஷ்டம். அவர்கள் ஓரத்தில் சிங்களத்தில் எழுதினார்கள். பரீட்சை நெருங்கியபோது கொப்பிகள் கைமாறின. சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்க அவள் பழகியது அப்படித்தான்.

பகல் லுஹரை முடித்துக்கொண்டு சோற்றுப் பார்சல். நான்கு பேர் ஒரு மேசை: இவள், குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, முள்ளியவளைப் பிள்ளை. எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று முதல் வாரமே இவள் சொல்லிவிட்டாள். அதனால் பங்குபோடும் பார்சல் மீன் அல்லது முட்டை. வெள்ளிக்கிழமை முள்ளியவளைப் பிள்ளைக்கு மரக்கறி நாள். அன்று நால்வருக்கும் பருப்பும் கத்தரிக்காயும் சம்பலும். "மற்றவர்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாமா?" என்று கேட்கும் தாய்மாருக்கு என் அபிப்பிராயம் இதுதான்: தன் எல்லையை முதல் நாளே வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைக்குச் சங்கடம் குறைவு. வெட்கப்பட்டு மழுப்புகிற பிள்ளைதான் பிறகு தடுமாறுகிறது.

முள்ளியவளையும் தண்ணீரூற்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அந்தப் பிள்ளைக்கு 2009இல் ஐந்து வயது. யுத்தத்தின் கடைசி மாதங்களைக் கடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தவர்கள். பல்கலைக்கழகத்தைத் தாண்டி மேற்கே ஓடும் அதே வீதியில்தான் செட்டிகுளமும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போக அவள் விரும்புவதில்லை என்று மட்டும் மகள் சொன்னாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

போன மாதம் ஒருநாள் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் இருந்தது. ராத்தா திடீரென்று போனைக் கையில் எடுத்தார். "மகள், பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கையில ஒரு கிணறு இருந்தது. இன்னும் இருக்கா?"

"இருக்கு அன்ரி. தண்ணியும் இருக்கு. போனா பார்த்துப் படம் எடுத்து அனுப்புறன்."

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்குப் புத்தளத்திலயிருந்து என்ன வேணும்?" என்றார். மகளின் நான்கு பேரும் ஒரே குரலில் "வட்டிலப்பம்!" என்றார்கள். சிங்களப் பிள்ளைதான் எல்லாரையும் விடச் சத்தம்.

இப்போது வீட்டில் அதுதான் பேச்சு. புத்தளத்திலிருந்து அனுராதபுரம், அங்கே பஸ் மாறி வவுனியா, பிறகு பம்பைமடு. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம், வெயிலோ வன்னி வெயில். இரவே அவித்து, நன்றாக ஆறவிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து முதல் பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்கிறேன் நான். ராத்தாவுக்குத் திருப்தியில்லை. வேறு வழி தெரிந்த சகோதரிகள் எழுதுங்கள்.