'பர்மா'வும் 'சவுதி'யும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படித்தவர்களுக்குப் பொறுமை பழக்கமாகியிருக்கும், உறவினர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வியாழக்கிழமை மேல்விஷாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டு, "தித், நித், தோன்..." என்றார். "லே, ங்ஙா" என்று என் வாய் தானாக முடித்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை, பர்மிய மொழியில். அதற்குப் பிறகுதான் திரும்பி முகத்தைப் பார்த்தேன். பர்மா!

அது அவன் பெயர் இல்லை. சொந்தப் பெயரை இங்கே போட்டால் கோபித்துக்கொள்வான். 1965இல் மூன்றாம் வகுப்பில் எங்களோடு வந்து உட்கார்ந்தபோது வகுப்பே வைத்த பெயர் அது. வயதுக்கு அவன் ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டியவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதத் தெரியாது. அதனால் இரண்டு வகுப்பு கீழே இறக்கிவிட்டார்கள்.

ரங்கூனில் மொகல் தெருவுக்குப் பக்கத்தில் அவன் அத்தாவுக்குச் சின்னக் கடை இருந்தது. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் காகிதமாகிப் போனது. அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். அவர்களில் ஒரு குடும்பம் இது. அவன் அம்மா ஒரு தனக்காக் கட்டையை மட்டும் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைக் கல்லில் உரசிக் கன்னத்தில் பூசிக்கொண்டு அவன் பள்ளிக்கு வருவான். நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

கணக்கில் மட்டும் அவனை யாரும் தொட முடியாது. ஆனால் முணுமுணுவென்று பர்மிய மொழியில்தான் போடுவான். அதற்கு அடி விழும். விடை சரி, ஆனாலும் அடி! எனக்கு அந்த ஐந்து எண்களைச் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான். 1971இல் குடும்பத்தோடு சென்னை வியாசர்பாடிக்குப் போய்விட்டான். தொடர்பு விட்டுப்போனது.

டீ குடித்துக்கொண்டே பேசினோம். பெரியமேட்டில் தோல் மண்டியில் நாற்பது வருடம் வேலை பார்த்திருக்கிறான். "இன்னிக்கும் தோலை எண்ணும்போது தித், நித்துன்னுதான்டா வருது. தமிழ்ல எண்ணினா தப்பாயிடுது" என்றான்.

அவன் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் பேரன். மகளை நம் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறான். மாப்பிள்ளைக்கு ஜித்தாவில் வேலை. சவுதியில் 2017 ஜூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டார்கள். வருடா வருடம் ஏறி 2020இல் 400 ஆனது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1,600 ரியால். முடிந்தவரை கட்டிவிட்டு இந்த வருடம் ஊருக்கு அனுப்பிவிட்டார். பெரிய பையனுக்குப் பதினொரு வயது. பிறந்ததே ஜித்தாவில்தான். ஆனால் அங்கே பிறந்ததால் அந்த நாட்டுக்காரன் ஆகிவிட முடியாதே. அரபி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் எழுதுகிறான். தமிழ் பேச்சு மட்டும். இங்கே ஒரு பள்ளியில் ஒரு வகுப்பு இறக்கிச் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் அவனுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: 'சவுதி'.

அறுபது வருடம் கழித்தும் அதே கதையா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா? 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தது. அம்மான் வழியாக ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அப்படி வந்த ஒரு பெண் குழந்தை என் வகுப்பில் சேர்ந்தாள். நான் என்ன செய்தேன்? கையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். அரையாண்டுத் தேர்வு வரை அவளுக்கு வேறு என்ன தெரியும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பர்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் நான். ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன். ஆனாலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

தமிழ் கட்டாயம் என்று 2006இல் சட்டம் வந்தபோது வரவேற்றவன் நான். இன்றும் அதே கருத்துத்தான். தமிழ் படிக்கட்டும். ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாததற்காகக் கணக்கிலும் அறிவியலிலும் சேர்த்து ஒரு வருடத்தைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க நான்கைந்து மாதம் போதும். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் தலைமையாசிரியரிடம் இதை வாய் திறந்து சொல்ல வேண்டும். உறவினர்களுக்கும் ஒன்று: வந்த குழந்தையைப் பிடித்து வைத்து "அந்த ஊர் பிடிக்குமா, இந்த ஊர் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் வீட்டில் யாராவது ஒருவர் முகம் வாடுகிறது. அதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

பையன் இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறான். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். 'ழ' இன்னும் வரவில்லை, ஊரில் பாதிப் பேருக்கு வராததுதான். கூட்டல் போடும்போது உதடு அசைந்தது. "எந்த பாஷையில எண்றே?" என்று கேட்டேன். பயந்துகொண்டே "அரபி, சார்" என்றான். சத்தமாக எண்ணச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி வந்த பிள்ளைகள் இருந்தால் அனுப்பி வையுங்கள். ஐந்து மணி, பணம் வேண்டாம், நோட்டு மட்டும் போதும். குவைத்திலிருந்து வந்த அந்த மாணவி இதைப் படித்தால், அம்மா, ஒரு வரி எழுது.