மறைக்கக் கூடாத நடுக்கம்

 

சென்ற பெருநாளுக்குப் பின்னர், காரியாபட்டியிலுள்ள என் தமக்கையாரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன் விடுமுறையில் வந்திருந்தான். மூன்றாண்டுகளுக்கு முன் அவன் ஆசையோடு வாங்கிய பழைய சொகுசுக் கார் ஒன்று கொட்டகையில் நின்றது. ஆண்டில் ஒரு மாதம் ஓட்டம்; பதினொரு மாதம் உறக்கம். அதுவே அந்தக் காரின் வாழ்க்கை.

"மாமு, நாளை அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் வருகிறார். காரை விற்றுவிடப் போகிறேன்" என்றான். காரணம் கேட்டேன். மதுரை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குகிறதாம். 110 கிலோமீட்டரைத் தாண்டினால் சற்று அடங்குகிறதாம். மூன்று முறை பேலன்ஸிங், இரண்டு முறை அலைன்மெண்ட் செய்தும் பயனில்லை. இறுதியாக ஓர் ஒர்க்‌ஷாப்பில், ஸ்டியரிங் பெட்டியையே முழுமையாக மாற்ற வேண்டுமெனக் கூறிப் பெருந்தொகை ஒன்றைக் கேட்டுவிட்டார்கள். அத்துடன் அவன் மனம் வெறுத்துவிட்டது.

"வாங்க வருபவரிடம் இதைச் சொன்னாயா?" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஊருக்குள் மெதுவாக ஓட்டிக் காட்டினால் தெரியாது மாமு."

உள்ளிருந்து என் தமக்கையார் வெளியே வந்தார். "அந்தக் காரில் அவருடைய பிள்ளைகளும்தானே ஏறுவார்கள்? நமக்கு அச்சம் தந்ததைப் பிறர் தலையில் கட்டி, அந்தப் பணத்தில் இந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டாம்" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

எனக்கு அந்தச் சந்தை நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்தது. குவித்து வைக்கப்பட்டிருந்த தானியத்திற்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது கரத்தை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இது பதிவாகியுள்ளது. காய்ந்த தானியத்தின் கீழே ஈரத்தை மறைப்பதும், குறைந்த வேகத்தின் கீழே நடுக்கத்தை மறைப்பதும் வேறு வேறல்ல.

மறுநாள் வரவிருந்தவருக்குத் தொலைபேசியில் உண்மையைக் கூறி, ஒரு வாரம் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டான். பின்னர் மதுரையில் எனக்கு அறிமுகமான முதிய மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டு சென்றோம்.

அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் நான்கு கேள்விகளைக் கேட்டார். எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் அடங்குகிறது? பிரேக்கை மிதிக்கும்போது கூடுகிறதா? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? வண்டி எத்தனை நாட்கள் அசையாமல் நின்றது? இதுவரை பணம் பெற்றவர்களுள் ஒருவர்கூட இவற்றைக் கேட்டதில்லை என்றான் மருமகன்.

இக்கேள்விகளின் பயனை நாமும் அறிந்துகொள்ளல் நலம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பெரும்பாலும் குற்றம் பிரேக் டிஸ்க்கில் இருக்கும். அதன் கனம் ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபட்டாலே கை உணரும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால், சக்கரத்திற்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டையும் அதன் இணைப்புகளையும் ஆராய வேண்டும். நடுக்கம் கையில் தெரிந்தால் முன்சக்கரங்களையும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரங்களையும் முதலில் ஐயுற வேண்டும். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சாராமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைக் கடந்ததும் அடங்கினால், சக்கரமும் டயருமே முதற்காரணம்.

வேகத்தோடு இதற்கென்ன உறவு? சுற்றளவு இரண்டு மீட்டர் உள்ள சக்கரம், 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் வெறும் 20 கிராம் எடை மிகுந்திருந்தாலும், அந்த வேகத்தில் அது மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட எடையின் விசையோடு சக்கரத்தை இழுக்கும். சக்கரத்திற்கும் அதைத் தாங்கும் உறுப்புகளுக்கும் இயல்பான அதிர்வு ஒன்று உண்டு. அது விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்கும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு கையாலும் உயரே ஏற்றிவிடலாமல்லவா? அவ்வாறே, சுழற்சி அந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகும்போது நடுக்கம் பெருகுகிறது, கடந்துவிட்டால் தணிகிறது. ஆகவே, அது அடங்கிவிட்டதால் குறை நீங்கிவிட்டது என எண்ணுதல் பிழை.

மெக்கானிக் காரை ஜாக்கியில் உயர்த்தி, முன்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். ஒரு சாக்குக்கட்டியை டயரின் அருகே அசையாமல் பிடித்தார். டயரின் ஒரு பகுதி கட்டியைத் தொட்டது, மறுபகுதி தொடவில்லை. "பாய், மூன்று தடவை பேலன்ஸிங் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. எடை சரியாகத்தான் இருக்கிறது. வட்டம்தான் வட்டமாக இல்லை" என்றார்.

வழக்கமான பேலன்ஸிங் இயந்திரம் சக்கரத்தை வெற்றுவெளியில் சுழற்றி எடையை மட்டுமே அளக்கிறது. காரின் பாரத்தைத் தாங்கித் தரையில் உருளும்போது டயர் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அது அறியாது. உருளை ஒன்றை டயர்மீது அழுத்திச் சோதிக்கும் இயந்திரங்களும் உள்ளன; ஆனால் அவை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. பதினொரு மாதங்கள் ஒரே இடத்தில் நின்ற கார், தன் பாரம் முழுவதையும் டயரின் ஒரே பகுதியில் இறக்கி அதைத் தட்டையாக்கிவிட்டது. சில நாட்களே நின்றிருந்தால், சற்றுத் தூரம் ஓடிச் சூடேறியதும் அது சரியாகியிருக்கும். மாதக்கணக்கில் நின்றதால் அவ்வடு நிலைத்துவிட்டது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கடப்பாறையால் சஸ்பென்ஷனின் கீழ்க்கையை நெம்பிக் காட்டினார். அதிலிருந்த ரப்பர் புஷ் வெடித்திருந்தது. சிறு அதிர்வுகளை விழுங்க வேண்டிய அது, விழுங்காமல் ஸ்டியரிங்குக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. இரண்டு டயர்களும் இரண்டு புஷ்களும் மாற்றப்பட்டன. ஸ்டியரிங் பெட்டிக்குக் கேட்ட தொகையில் ஒரு சிறு பகுதியே செலவாயிற்று. அப்பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

விலையுயர்ந்த காருக்கு இத்தகைய நோய் வருமா என வியப்போர் உண்டு. வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. 1920-களில், காற்றழுத்தம் குறைந்த 'பலூன்' டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவியபோது, பெருஞ்செல்வர்களின் கார்களிலும் முன்சக்கர நடுக்கம் பெருந்தொல்லையாயிற்று. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர், 1930-இல் கேடிலாக் நிறுவனத்தில் சேர்ந்தார். இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சில் பிணைக்காமல் தனித்தனியே இயங்கவிடும் அமைப்பை அங்கு உருவாக்கினார். 1934-ஆம் ஆண்டுக் கார்களில் அது இடம்பெற்றது. நடுக்கத்தை மூடிமறைக்காமல் அதன் வேரைத் தேடியதன் பலனை, இன்று ஏறத்தாழ எல்லாக் கார்களும் அனுபவிக்கின்றன.

வெளிநாட்டில் வாழ்வோரின் குடும்பத்தார் சிலவற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நிற்கும் காரை வாரம் ஒருமுறையேனும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டச் செய்யுங்கள். இயலாவிடில், மாதம் இருமுறையாவது நகர்த்தி, டயர் தரையைத் தொடும் இடத்தை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பத்தாண்டைக் கடந்த டயரை, பார்வைக்குப் புதிதாக இருப்பினும் மாற்றிவிடுமாறு தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. நான்கு டயர்களும் ஒரே அளவாயின், முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு மாறினால், குற்றம் சக்கரத்தோடு சென்றுவிட்டது எனத் தெளியலாம். சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம், அது பொருந்தும் பரப்பிலுள்ள துருவைத் துடைத்து, நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சம அளவில் முறுக்கச் சொல்லுங்கள். நடுக்கம் திடீரெனத் தோன்றினாலோ, டயரின் பக்கவாட்டில் வீக்கம் கண்டாலோ, உடனே ஓரமாக நிறுத்திவிடுங்கள். "வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று பிள்ளைகளோடு துணியாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் மார்க்கம் நம்முடையது.

அருப்புக்கோட்டை நண்பர் ஒரு வாரம் கழித்து வந்தார். மருமகன் கழற்றிய டயர்களையும் ரசீதுகளையும் அவர்முன் வைத்தான். நெடுஞ்சாலையில் அவரையே ஓட்டச் செய்தான். 100 கிலோமீட்டர் வேகத்திலும் ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. கார் நெடுநாள் ஓடாமல் நின்றதைக் காட்டி, அவர் பேசிய விலையில் சிறிது குறைத்தே கேட்டார். மருமகன் தாயாரின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார், காரைக் கொடுத்துவிட்டான்.

புறப்படும்போது அந்த நண்பர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை இந்தக் காரில்தான் என் மகளை பிரசவத்திற்கு அழைத்துவரப் போகிறேன், தம்பி."

மருமகன் நெடுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.