கடை திறந்திருக்கிறதா?

கைத்தறித் துணிகளையும் விளைபொருள்களையும் இணையதளத்தின் வாயிலாக விற்பனை செய்யும் முயற்சியில் நமது சங்கங்கள் பலவும் இறங்கியுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. நெய்பவருக்கும் உடுப்பவருக்கும் இடையே நின்ற கைகளுள் சிலவேனும் இதனால் விலகும். ஆயினும், தெருவில் உள்ள விற்பனை நிலையத்துக்கும் இணையதளத்துக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை நிர்வாகிகள் போதிய அளவு கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விற்பனை நிலையத்தின் கதவு பகல் வேளையில் பூட்டிக் கிடந்தால் போவோர் வருவோர் அனைவரும் காண்பர். அரை மணி நேரத்துக்குள் தலைவர் வீட்டுக்குச் செய்தி எட்டிவிடும். இணையதளம் நின்றுபோனாலோ, வாங்க வந்தவர் மட்டுமே அதை அறிவார். அவரும் ஒன்றும் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். கடை மூடியிருப்பது கடைக்காரருக்கே தெரியாத விந்தை இங்கேதான் நிகழ்கிறது.

நான் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் ‘இத்தளம் பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையே தோன்றியது. நான்காம் நாள் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட பின்னரே காரியதரிசிக்கு விஷயம் தெரிந்தது. ஆண்டு முழுவதும் தேங்கிய சரக்கு விலைபோகும் நாள்களில் நான்கு நாள் போயிற்று. விற்காத சேலை கிடங்கில் இருக்கும். அதை நெய்தவருக்கு அடுத்த பாவு கிடைப்பது தாமதமாகும். ஆகவே, இது கணிப்பொறி அறிந்தாரின் கவலை மட்டுமன்று. தறியில் அமர்ந்திருப்பவரின் கூலியைப் பற்றிய கவலையுமாகும்.

இதற்குப் பரிகாரம் எளியது. பணச் செலவும் இல்லை. குறித்த இடைவெளியில் இணையதளத்தைத் தட்டிப் பார்த்து, மறுமொழி வராவிடில் மின்னஞ்சலாலோ டெலிகிராம் செய்தியாலோ நமக்கு அறிவிக்கும் கண்காணிப்புக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 288 முறை பார்த்தாகிவிடும். எந்தக் காவற்காரரும் அவ்வளவு முறை கதவைத் தட்டிப் பார்க்கமாட்டார்.

இக்கருவிகள் இருவகைப்படும். முதல் வகை, வெளி நிறுவனம் ஒன்று தன் இடத்திலிருந்து நமக்காகப் பார்ப்பது. ‘அப்டைம்ரோபாட்’ இவ்வகையினது. இலவசத் திட்டத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று நிபந்தனை விதிக்கும் நிறுவனங்களும் உள்ளன. சங்கத்தின் பெயரைப் பதிவு செய்யுமுன் நிபந்தனைகளைப் படித்தல் அவசியம். மற்ற வகை, யாரும் எடுத்தாளலாம் என்று வெளியிடப்பட்ட மென்பொருளை நாமே அமைத்துக்கொள்வது. 2021-இல் வெளிவந்த ‘அப்டைம் குமா’ இத்தகையது. இதற்கு எப்போதும் இயங்கும் கணிப்பொறி ஒன்று வேண்டும். 2020-இல் வெளிவந்த ‘அப்ப்டைம்’ என்பதற்கு அதுவும் வேண்டுவதில்லை. ‘கிட்ஹப்’ தளத்தின் இலவச வசதியைக் கொண்டே அது இயங்கும்.

எதைக் கருவியாகக் கொண்டாலும் மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, முகப்புப் பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. முகப்பு நன்றாகத் தோன்றி, சரக்குப் பட்டியலோ பணம் செலுத்தும் பக்கமோ நின்றுபோயிருக்கலாம். பக்கத்தில் இருக்கவேண்டிய ஒரு சொல் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் வசதியும் உண்டு, அதைப் பயன்படுத்தவேண்டும். சான்றிதழ் முடியும் நாளையும் கருவியிடம் ஒப்படைத்துவிடலாம். இலவசச் சான்றிதழ்கள் பெரும்பாலும் 90 நாள்களுக்கு மேல் செல்லுபடியாகா என்பதால் இது மிகவும் முக்கியம்.

இரண்டாவது, ஒருமுறை மறுமொழி வராத உடனே அபாய மணி அடிக்கலாகாது. இரண்டு மூன்று முறை பார்த்து உறுதி செய்த பிறகே செய்தி வருமாறு அமைக்கவேண்டும். வீண் செய்திகள் மிகுந்தால், உண்மைச் செய்தி வரும் நாளில் யாரும் அதைத் திறந்து பார்க்கமாட்டார்கள். செய்தி இருவருக்காவது போகவேண்டும்; அவர்கள் யாரை உடனே அழைக்கவேண்டும் என்பது சங்க அலுவலகத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கவேண்டும்.

மூன்றாவது, காவல் காப்பவர் வேறு வீட்டில் இருக்கவேண்டும். இணையதளம் உள்ள அதே சர்வரில் கண்காணிப்பையும் வைத்தால் இரண்டும் ஒருங்கே வீழும். 2017 பிப்ரவரி 28-ஆம் நாள் அமேசான் நிறுவனத்தின் சேமிப்புச் சேவை அமெரிக்காவின் ஒரு பகுதியில் பல மணி நேரம் நின்றது. சேவைகளின் நிலையைக் காட்டும் அவர்களது பக்கமும் அதே சேமிப்பையே நம்பியிருந்தபடியால், பழுது என்று அதில் குறிப்பிடவும் சிறிது நேரம் இயலவில்லை. உலகப் பெரு நிறுவனத்துக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்பதற்கில்லை.

இதுவரை கூறியது காவல் பற்றியது. இனிக் கூறப்போவதே முக்கியமானது; நிர்வாகிகள் தயங்குவதும் இங்கேதான். கருவி கண்டறிந்ததை அங்கத்தினரும் வாடிக்கையாளரும் எந்நேரமும் காணக்கூடிய ஒரு பொதுப் பக்கத்தில் வெளியிடவேண்டும் என்பது என் கருத்து. மேற்சொன்ன கருவிகளே அத்தகைய பக்கத்தையும் அமைத்துத் தருகின்றன. விற்பனைத் தளம், பணம் செலுத்தும் வசதி, விளைபொருள் விலைப்பட்டியல் என்று இரண்டு மூன்று வரிகள் அதில் இருந்தால் போதும். பழுது நேர்ந்தால், எது நின்றது, எப்போதிலிருந்து, அதுவரை எந்தத் தொலைபேசி எண்ணில் கொள்முதல் செய்யலாம், அடுத்த அறிவிப்பு எப்போது என்பவற்றை எளிய தமிழில் எழுதவேண்டும். தொழில்நுட்ப விவரங்களும் உள் அமைப்பின் இரகசியங்களும் அதில் இடம்பெறவேண்டுவதில்லை.

‘நமது குறையை நாமே ஊருக்குச் சொல்வதா? போட்டியாளர் நகைக்கமாட்டாரா?’ என்று கேட்பார் உளர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. வாங்க வந்தவர் பழுதை முன்னமே கண்டுவிட்டார். நாம் மறைப்பது பழுதை அன்று, அதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார் என்ற செய்தியையே. 2017 ஜனவரி 31-ஆம் நாள் ‘கிட்லேப்’ என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பதிவுகள் மீளவே இல்லை. அந்நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியின் குறிப்பேட்டை எல்லோரும் படிக்கத் திறந்து வைத்ததோடு, பணியை நேரடியாக ஒளிபரப்பவும் செய்தது. தவறு பெரிதாயினும் அந்த வெளிப்படைத்தன்மையைப் பாராட்டியோர் பலர்.

‘தளத்தை நடத்தும் ஒப்பந்தக்காரர் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்’ என்பது மற்றொரு வாதம். சங்கக் கணக்கைக் காரியதரிசியே எழுதி அவரே தணிக்கையும் செய்துகொள்ள நாம் அனுமதிப்பதில்லை. காரியதரிசி நேர்மையற்றவர் என்பதனால் அன்று. செய்பவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு என்பது முறை. அதே முறை இங்கும் வேண்டும். ஒப்பந்தத்தில் நூற்றுக்கு 99 பங்கு நேரம் தளம் இயங்கும் என்று எழுதியிருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்ளலாகாது. 30 நாள் மாதத்தில் எஞ்சிய ஒரு பங்கு 7 மணி 12 நிமிடம் ஆகும். 99.9 என்றால் 43 நிமிடமே. இவ்விரண்டில் எது கிடைத்தது என்பதை ஒப்பந்தக்காரரின் வாய்ச்சொல்லால் அறிய முடியாது. நமது சொந்தப் பதிவே காட்டும்.

‘இலவசம்’ என்ற சொல்லும் சிலரை மயக்கலாம். கருவி இலவசமே, கவனம் இலவசமன்று. செய்தி வந்ததும் எழுந்து செயலாற்றவும், பொதுப் பக்கத்தில் உண்மையை எழுதவும் பொறுப்பாளர் ஒருவரை நிர்வாகக் குழு தீர்மானத்தின் மூலம் நியமிக்கவேண்டும். ஆள் இல்லாத காவலால் பயனில்லை.

1844 டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சிறு கடை ஒன்றைத் திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். கணக்குகளையும் ஐந்தொகையையும் அடிக்கடி அங்கத்தினர்முன் வைக்கவேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நெறிகளுள் ஒன்று. கடை அங்கத்தினருடையது, ஆதலால் அதன் நிலையை அறியும் உரிமையும் அவர்களுடையது. அக்கடை இன்று இணையத்தில் இருக்கிறது என்பதனால் அவ்வுரிமை குறைந்துவிடாது.

எனவே, இணைய விற்பனை நடத்தும் ஒவ்வொரு சங்கமும் அடுத்த பண்டிகைக் காலத்துக்கு முன்பாகவே கண்காணிப்பையும் பொது நிலைப் பக்கத்தையும் அமைத்துக்கொள்ளவேண்டும். ஆண்டு மகாசபையில் வரவு செலவு அறிக்கையோடு, தளம் எத்தனை முறை, எத்தனை மணி நேரம், என்ன காரணத்தால் நின்றது என்ற ஒரு பக்க அறிக்கையையும் வைக்கவேண்டும். அங்கத்தினர்களும் அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்கும் அங்கத்தினர் உள்ள சங்கத்தில் நிர்வாகிகள் தாமாகவே விழித்திருப்பர் என்பது இத்துறையில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்ததே.