பருப்புக்கு எவ்வளவு தண்ணீர்?

கம்பாரில் படித்தபோது நண்பர்கள் நால்வரோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். எங்கள் சமையலறையில் ஒரு ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி, அட்டைப்பெட்டி நிறைய உடனடி மீ ஆகிய மூன்றுதான் இருந்தன. காலையில் பசியாற ரொட்டி சானாய், மதியம் கோழிச் சோறு, இரவில் மீ என்று நாள்கள் ஓடின. ஐவரும் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஐவரில் ஒருவருக்கும் ரசம் வைக்கத் தெரியாது.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அம்மா அழைத்தார். அப்பாவின் கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள் என்றார். பல ஆண்டுகளாக அவருக்கு இனிப்புநீர். செருப்பு கடித்த சிறு புண் ஆறவே இல்லை.

அன்றிரவே முடிவெடுத்தேன்: இனி ஆரோக்கிய உணவுதான். மறுநாள் பேரங்காடிக்குப் போய் ஓட்ஸ், புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய், தவிட்டு ரொட்டி என்று கைக்கு வந்ததையெல்லாம் வாங்கினேன். 80 வெள்ளிக்கு மேல் ஆனது. சோற்றைத் தொடமாட்டேன் என்று நண்பர்களிடம் சபதமும் செய்தேன். எட்டாம் நாள் புரோக்கோலி மஞ்சளாகிக் குப்பைக்குப் போனது. நான் மீண்டும் மீ பொட்டலத்தைக் கிழித்தேன்.

மன உறுதி போதவில்லை என்று அப்போது என்னையே திட்டிக்கொண்டேன். அது தவறு என்று பிறகுதான் விளங்கியது. எனக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாது. சமைக்கத் தெரியாத ஒருவன் தனக்குப் பழக்கமான சாப்பாட்டை விட்டுவிட்டால், அந்த இடத்தில் வைக்க அவனிடம் வேறொன்றும் இருக்காது. ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: எதை விடுவது என்று பட்டியல் போடாதீர்கள். முதலில் ஒரே ஒரு குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

நமக்கு ஏன் அவசரம்?

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. பாதிக்கும் மேற்பட்டோர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வு இன வாரியான கணக்கையும் தந்தது. இந்தியர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு, அதாவது மூவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. மற்ற இனத்தவரைவிட இது அதிகம்.

இளையோரைத் தொடும் செய்தி ஒன்றும் 2023 ஆய்வில் உண்டு. 18 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் நீரிழிவு கண்டறியப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் தட்டும் நம் தட்டும்

"அந்தக் காலத்தில் மூன்று வேளையும் சோறுதானே சாப்பிட்டோம், யாருக்கு இனிப்புநீர் வந்தது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலையும் அவர்கள் வாழ்க்கையிலேயே தேடலாம்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், பிறகு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவ வேண்டும். மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளி நிறையத் தூக்கி வந்து கொட்ட வேண்டும். சாப்பிட்ட சோறெல்லாம் மதியத்துக்குள் வேர்வையாகிவிடும். லயத்து வீட்டைச் சுற்றி முருங்கை, பசலை, கத்தரி, வெண்டை, கருவேப்பிலை எல்லாம் இருந்தன. குழம்புக்குக் கீரை வேண்டுமென்றால் பின்கதவைத் திறந்தால் போதும்.

அதைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. தோட்டச் சம்பளத்தில் நல்ல மீனும் கறியும் அபூர்வம். கருவாட்டில் உப்பு அதிகம். கெட்டிப்பால் ஊற்றிய கோப்பியும், கள்ளுக்கடையும் அந்த வாழ்க்கையின் பகுதிதான். ஜப்பான்காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று உயிர் பிழைத்தவர்கள், பிறகு வெள்ளைச் சோறு நிறையக் கிடைத்ததைப் பாக்கியமாக நினைத்ததில் வியப்பில்லை.

பின்னர் பால்மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் கை மாறின, லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும், மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. மலையேற்றம் போயிற்று, கீரைப் பாத்தி போயிற்று. சோற்றின் அளவு மட்டும் நம்மோடு லாரியேறி நகரத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் போயிற்று. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த நம் அம்மாக்கள், "நீ போய்ப் படி, அடுப்பை நான் பாத்துக்கிறேன்" என்றார்கள். பிள்ளையாவது படித்து முன்னேறட்டும் என்ற அன்பு அது. நாமும் படித்தோம். ஆனால் மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த சமையல் நம்மிடம் வந்து நின்றுபோனது. ஆண் பிள்ளைகள் என்றால் சொல்லவே வேண்டாம். அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தாலே, "ஒனக்கு இங்க என்ன வேல?" என்று விரட்டப்பட்டவர்கள் நாங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' தட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இதற்குத் தேவையில்லை. நம் சாப்பாட்டிலேயே அளவை மாற்றிப் போட்டால் போதும். சோற்றைத் துறக்கவும் வேண்டாம். சோறு இருந்த இடத்தில் பாதியைக் கீரைக்குக் கொடுங்கள்.

நான் முதலில் கற்றது பருப்பு. சிவப்பு மைசூர் பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை. அரைக் குவளை பருப்பைக் கழுவி, இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வெங்காயம் ஒன்று, தக்காளி ஒன்று, பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் ஒன்று, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சேர்த்து மெல்லிய தீயில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். குளித்துவிட்டு வருகிற நேரம் என்று எண்ணி நான் உள்ளே போனதில் முதல் தடவை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, பக்கத்திலேயே இருங்கள். வெந்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ பசலையோ போட்டு ஐந்து நிமிடம். உப்பு கடைசியில், கொஞ்சமாக. இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கருவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தாளிக்கப் பயமாக இருந்தால் முதல் வாரம் அதை விட்டுவிடலாம். பசிக்கு அது தெரியாது.

பருப்பு கைக்கு வந்த பிறகு ஒரு காய். அதற்கு நம் ஊரைப் போல் வசதியான இடம் குறைவு. ஈப்போ தௌகே நாடறிந்தது. பூண்டைத் தட்டிப் போட்டு மூன்று நிமிடம் வதக்கினால் தௌகே தயார். கேமரன் மலைக் காய்கறிகள் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் நம் மாநிலத்துக்குள்தான் இறங்குகின்றன. அதன் பிறகு முட்டை, தெம்பே, கெம்போங் மீன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாதத்துக்கு ஒரு புதுச் சமையல் போதும். ஓராண்டில் பன்னிரண்டு ஆகிவிடும். பல வீடுகளில் வாரம் முழுவதும் சுற்றிச் சுற்றி வருவது அவ்வளவுதான். நொறுக்குத் தீனி கேட்டால், எண்ணெயில் பொரித்ததை விட்டு அவித்த கொண்டைக்கடலையைச் சாப்பிடுங்கள். கச்சான் பூத்தேக்குப் பேர்போன புந்தோங்கை வைத்துக்கொண்டு கடலைக்கா பஞ்சம்?

விடுதியில் சமைக்கத் தடை இருப்பவர்கள் என்ன செய்வது? உணவுக் கடையில் கேட்கக் கற்றுக்கொள்வதும் ஒரு திறன்தான். "நாசி செப்பாரோ" என்று பாதிச் சோறு கேளுங்கள். குழம்பை மேலே ஊற்றாமல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு காய் எடுங்கள். தே தாரிக்குக்குப் பதில் "தே ஓ கோசோங்". கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எளிது. மீ சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மசாலாத் தூளில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் கைப்பிடி சாவியும் சேருங்கள். ஒரு நாளைக்குச் சோடியம் 2000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரே வேளையில் அதில் எவ்வளவு போகிறதென்று தெரியும்.

மாணவரை மட்டும் குறை சொல்லலாமா?

கூடாது. 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது, நல்லதுதான். ஆனால் விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் பொரித்த கோழியையும் மீ கோரேங்கையும் தவிர வேறொன்றும் கிடைக்காத இடத்தில், மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? தீ விபத்துக்கு அஞ்சி அறைகளில் சமைக்கத் தடை விதிப்பது புரிகிறது. அப்படியானால் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை வேண்டும். இரண்டு அடுப்பும் ஒரு தொட்டியும் ஒரு குளிர்ப்பெட்டியும் இருந்தால் போதும். இதைக் கேட்க மாணவர் பேரவைகள் தயங்கக்கூடாது.

நம் இந்திய மாணவர் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கலை இரவுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம், மகிழ்ச்சி. புதிய மாணவர்கள் வந்து சேரும் முதல் மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலையைச் சமையலுக்கு ஒதுக்க முடியாதா? பக்கத்து ஊர்ப் பாட்டிமார் இருவரை அழைத்தால் போதும். பேச்சாளருக்குக் கொடுக்கும் பொன்னாடையை அவர்களுக்குப் போர்த்தலாம்.

பெற்றோருக்கும் ஒன்று: எஸ்பிஎம் எழுதும் பிள்ளை வாரத்தில் ஒருநாள் வெங்காயம் நறுக்குவதால் மதிப்பெண் குறைந்துவிடாது. மகனாக இருந்தாலும்தான்.

அந்த ஆண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அடுப்பங்கரையை அம்மாவிடமிருந்து ஒருநாள் கேட்டு வாங்கினேன். பருப்பும் கீரையும் வைத்தேன். உப்பு குறைவு, தாளிப்பு கொஞ்சம் கருகல். அப்பா சின்னக் கிண்ணச் சோற்றோடு இரண்டு தடவை பருப்பு போட்டுச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மறுநாள் காலை மட்டும், "இன்னைக்கும் நீயே வைக்கிறியா?" என்று கேட்டார்.

இந்த வார இறுதியில் உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஓர் அழைப்பு விடுங்கள். உடல்நலம் விசாரித்துவிட்டு, பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேளுங்கள். என் கணக்கு இரண்டு குவளை. உங்கள் பாட்டி அது தவறு என்பார். அவர் சொல்வதையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.