கட்டில் இல்லாத நோயாளர்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாள்களில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வீடுகளில் ஒரே பேச்சுத்தான். உயிரியல் கற்ற பிள்ளைக்கு வைத்திய பீடம் கிடைத்ததா? கிடைக்கவில்லையெனின் கற்றதெல்லாம் வீண் என்று பழுகாமத்துப் பெற்றோர் மட்டுமன்றிப் பிள்ளைகளும் எண்ணி மனமுடைகின்றனர். நோய் தீர்க்கும் துறையில் வைத்தியருக்கு மட்டுமே இடமுண்டு என்னும் இவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியே சான்று.

1956ஆம் ஆண்டில் அங்கே சயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையமொன்று தொடங்கப்பெற்றது. அதன் ஆய்வுகளை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் ஆங்கிலேயரான டாக்டர் வாலஸ் பொக்ஸ். காசநோய் எனவும் வழங்கும் சயரோகம் கண்டவர், ஊருக்குப் புறம்பான சானற்றோரியத்தில், நல்ல காற்றும் ஊட்டமான உணவும் பெற்று, மாதக்கணக்கிற் படுத்திருக்க வேண்டும் என்பதே அக்காலத்து வேதவாக்கு. (தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய சானற்றோரியத்தின் பெயரை அங்குள்ள புகையிரத நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது.) நோயாளரோ இலட்சக்கணக்கினர், கட்டில்களோ சொற்பம். கட்டில் கிடையாத ஏழை என் செய்வான்?

நிலையத்தார் விடையை ஊகித்துக் கூறவில்லை. சென்னை நகரத்து ஏழை நோயாளர் 193 பேரைத் திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் இரு கூறாக்கினர். ஒரு கூறினர் சானற்றோரியத்தில். மறு கூறினர் நெருக்கமான தம் வீடுகளில். மருந்து இருவர்க்கும் ஒன்றே: ஐசோனியசிட்டும் பாசும், 12 மாதங்கள். வீட்டிலிருந்தோர்க்கு ஊட்டமும் குறைவு, ஓய்வும் குறைவு. எனினும் ஆண்டிறுதியில் சானற்றோரியத்தாருள் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது! உடன் வாழ்ந்த குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் கவனித்தபோதும், வீட்டில் வைத்து மருந்தளித்தமையால் நோய் மிகுதியாகப் பரவியதாகக் காணப்படவில்லை. முதலாவது முடிவு 1959இல் வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் சானற்றோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இவ்வாராய்ச்சியிற் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். கேள்விதான் புதிது. அதற்கு விடை தேடியோருள் வைத்தியர் ஒரு பகுதியினரே. முன்னறிவித்தலின்றி வீடு தேடிச் சென்று மருந்தை எண்ணிப் பார்த்தோர், அது உண்ணப்பட்டதா என்றறியச் சிறுநீரைச் சோதித்தோர், சளியிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தோர், எல்லாவற்றையும் கணக்கிட்ட புள்ளிவிபர வல்லுநர் எனப் பலர் உழைத்தனர். குடிசைவாசலில் நின்று எழுதிய குறிப்பு பொய்யாயிருந்தால் வைத்தியரின் கெட்டித்தனம் என்ன பயன் தந்திருக்கும்? எம்மைக் கேட்டால், அந்தக் குறிப்பேடுகளே இவ்வாராய்ச்சியின் உயிர் என்போம்.

அந்நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் இயங்குகின்றது. அதன் இயக்குநராயிருந்த சௌமியா சுவாமிநாதன் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது தலைமை விஞ்ஞானியானார். அவர் வைத்தியர்தாம், ஆயினும் அத்தகைய நிறுவனத்தில் நுழைதற்குரிய வாயில்கள் பல. தாதியியல் நம் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே உண்டு. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் உண்டு. கணிதத்தில் நாட்டமுள்ளோர் புள்ளிவிபரவியலை நாடலாம். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் வீட்டுக்கு வரும்போது, வைத்தியத்துக்குரிய பக்கத்தோடு அதனை மூடிவிடாமல், இப்பாடநெறிகளின் தகைமைகளையும் பிள்ளையோடு அமர்ந்து வாசித்துப் பாருங்கள்.