உண்ணிச்செடியில் மின்சாரமா?



ஆய்க்குடியில் நின்று மேற்கே பாருங்கள். குற்றால மலை தெரியும். ஆனி, ஆடியில் அருவி கொட்டும் அந்த மலைத்தொடரில், மாசி, பங்குனியில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். அப்போது ஒரு தீக்குச்சி போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க இயலுமா?

காட்டுத் தீக்குத் துணைபோகும் செடிகளுள் ஒன்று உண்ணிச்செடி. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த இது, 19ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று நம் நாட்டின் புலிகள் வாழும் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் இது பரவியுள்ளதாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. காய்ந்த உண்ணிப்புதர், தரைத் தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணி.

"எப்படியும் எரியப் போவதுதானே? வெட்டிவந்து மின்சாரம் எடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 16 மெகாஜூல், அதாவது நாலரை யூனிட் வெப்ப ஆற்றல் உண்டு. சிறிய அனல் மின் நிலையத்தில் இதில் கால் பங்குகூட மின்சாரமாவதில்லை. ஆகவே கிலோவுக்கு ஒரு யூனிட் என்று கொள்வோம். ஒரு மெகாவாட் நிலையத்துக்கு மணிக்கு ஒரு டன், நாளுக்கு 24 டன் விறகு வேண்டும். புதர் தீர்ந்தபின் நிலையம் என்ன செய்யும்? நல்ல மரத்தைக் கேட்கும். அல்லது உண்ணிச்செடியை அழியாமல் காக்கச் சொல்லும்! விறகுக்கென்று பரப்பிய சீமைக்கருவேலம் இராமநாதபுரம் கண்மாய்களை அடைத்து நிற்பதைக் கண்ட பிறகுமா இந்தத் தவறு?

அதே விறகை நல்ல கொதிகலனில் இட்டு, நெல் அவிக்க நேரடியாக வெப்பமாகப் பயன்படுத்தினால் 60 விழுக்காட்டுக்கு மேல் பயன் கிடைக்கும். எனவே உண்ணித்தண்டை உலர்த்தி, பொடித்து, எரிகட்டியாக அழுத்தி ஆலைக்கும் சூளைக்கும் அனுப்பலாம். மின்சாரத்துக்குத்தான் செங்கோட்டைக் கணவாய்க் காற்று இருக்கிறதே! ஆய்க்குடிப் பக்கத்துக் காற்றாலைகள் விறகா கேட்கின்றன?

ஸ்பெயின் நாட்டிலும் தீப்பிடிக்கும் புதர்க்காடுகளை அறுத்து எரிபொருளாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்குள்ள புதர் அந்த மண்ணுக்குரியது, மறுபடி வளரவேண்டியது. நம்முடையது வந்தேறி, மறுபடி வளரக்கூடாது. தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். ஆகையால் தரைக்குச் சற்றுக் கீழே வேர்ப்பகுதியில் வெட்டவேண்டும் என்று டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் காட்டினர். வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லும் மரமும் வளர்க்கவேண்டும். அயல் தாவரங்களை அகற்றிக் காட்டைச் சீர்செய்யத் தமிழக அரசு 2022-இல் கொள்கையே வகுத்துள்ளது.

காட்டை மீட்பதே முதல் வேலை. எரிகட்டி அதில் கிடைக்கும் உபரி. இந்த வரிசை மாறினால், தீயை அணைக்கப் போனவர்களே தீக்கு விறகு வளர்த்தவர்கள் ஆவோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?