கீமோ நேரத்தில் ப்ரோபயாடிக்: பாக்கெட்டைப் பிரிக்கும் முன் படிங்க

1/
"நல்ல பாக்டீரியா தானே, என்ன ஆகிடப் போகுது?"
கேன்சர் சிகிச்சையில் இருப்பவருக்கு மெடிக்கல்ல, ஆன்லைன்ல ப்ரோபயாடிக் வாங்கிக் கொடுக்கும் சொந்தங்கள் நிறைய. பாசத்தில்தான் செய்யறீங்க, புரியுது. ஆனா என் கருத்து இதுதான்: சிகிச்சை தரும் டாக்டர் சொல்லாமல் தொடங்காதீங்க.

2/
ப்ரோபயாடிக் என்பது உயிருள்ள கிருமி. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் எல்லாம் பாக்டீரியா. சாக்கரோமைசஸ் பௌலார்டி ஒரு ஈஸ்ட், அதாவது பூஞ்சை வகை. ஆரோக்கியமான உடம்பில் இவை பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

3/
கீமோ நேரத்தில் நிலைமை வேற. வாய்ப்புண் வருதில்லையா? அதே மாதிரி குடலின் உள்பக்கமும் புண்ணாகும். எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளை அணுக்களும் குறையும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு பொதுவா கீமோ ஏத்தின 7 முதல் 14 நாட்களில் மிகவும் குறைந்திருக்கும். அது 500க்குக் கீழே போனால் சாதாரண கிருமியே ஆபத்து.
வேலியும் உடைஞ்சு, காவலும் இல்லாத நேரம் அது.

4/
அப்போ குடலில் இருக்க வேண்டிய கிருமி ரத்தத்தில் கலந்தால் செப்சிஸ். ப்ரோபயாடிக்கில் உள்ள கிருமியே இப்படி ரத்தத்தில் கலந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கு. அரிதுதான். வந்தா உயிருக்கே ஆபத்து.

5/
பிக் லைன், கீமோ போர்ட் இருக்கா? இன்னும் கவனம். பௌலார்டி பாக்கெட்டைப் பிரிக்கும்போது பறக்கும் தூளும், அது ஒட்டிய கையும் போதும், லைன் வழியா ரத்தத்துக்குப் போக. எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும், பெரிய ரத்தக்குழாயில் லைன் உள்ளவர்களுக்கும் இது கூடாதென ஐரோப்பிய மருந்து முகமை 2017லேயே சொல்லிவிட்டது.

6/
சரி, பலனாவது உறுதியா? இம்யூனோதெரபி எடுத்த மெலனோமா நோயாளிகள் பற்றி 2021ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், நார்ச்சத்து நிறைய சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் அதிகம். ப்ரோபயாடிக்கால் அப்படி நன்மை தெரியலை. எலிகளில் அது சிகிச்சையின் பலனையே குறைத்தது.

7/
"அப்போ யாருக்குமே கூடாதா டாக்டர்?"
அப்படி இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மாதிரி அடிவயிற்றுக்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு, வயிற்றுப்போக்கைக் குறைக்க லாக்டோபேசில்லஸ் வகையை டாக்டர்கள் தருவதுண்டு. எந்த வகை, எத்தனை நாள் என்பதை ரத்த அணுக்களைப் பார்த்து அவங்கதான் முடிவு செய்யணும்.

8/
தயிர்?
அணுக்கள் நல்லா இருக்கும் நாட்களில் தயிர் சாதம் பொதுவா பிரச்சனை இல்லை. குறைஞ்ச நாட்களில் பழைய சோறு, புளிச்ச மாவு வேண்டாம். அப்போ சமைச்ச சூடான சாப்பாடு போதும். தயிர் பற்றி உங்க வார்டில் சொல்வதைக் கேளுங்க.

9/
செய்ய வேண்டியது:
👉 வீட்டில் உள்ள எல்லா டப்பா, பாக்கெட்டையும் அடுத்த முறை எடுத்துட்டு வந்து காட்டுங்க. திட்டுவாங்களோன்னு மறைக்காதீங்க.
👉 கீமோவில் வயிற்றுப்போக்கு வந்தா நீங்களே வைத்தியம் பார்க்காம சொல்லுங்க.
👉 காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா, ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாராசிட்டமால் போட்டுட்டு காலையில் பார்க்கலாம்னு இருக்காதீங்க. ப்ரோபயாடிக் எடுத்திருந்தா அதையும் சொல்லுங்க.

10/
அந்தப் பணத்தில் முட்டை, பருப்பு, பழம் வாங்கிக் கொடுங்க. கீமோவில் இருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? இதை அவங்க வீட்டில் சமைக்கிறவங்களுக்கு அனுப்புங்க.